ஹாரி ஃபெர்குசன்: டிராக்டரின் எடையைக் குறைத்தவர், ஃபோர்டைக் கோர்ட்டுக்கு இழுத்தவர்

அடுத்த முறை வயலோரம் ஒரு டிராக்டர் நின்றால், முன்பக்கம் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்று பார்க்காதீர்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். கீழே இரண்டு கை, மேலே ஒரு கை. கலப்பை, ரோட்டவேட்டர், விதைக் கருவி என எதுவாக இருந்தாலும் இந்த மூன்று கைகளில்தான் மாட்டுவார்கள்.

சிவப்பு டிராக்டரோ, நீலமோ, பச்சையோ, எல்லாவற்றிலும் இதே மூன்று கைதான். ஒரு கம்பெனி டிராக்டரில் இன்னொரு கம்பெனி கலப்பை மாட்டுவது இதனால்தான். இதற்கு ஐஎஸ்ஓ 730 என்று சர்வதேசத் தரநிலையே இருக்கிறது. வீட்டுத் தோட்டத்துக்கான சின்ன டிராக்டர் முதல் பெரிய பண்ணை டிராக்டர் வரை அளவு மட்டும்தான் மாறும், அமைப்பு மாறாது.

இந்த அமைப்பை உருவாக்கியவர் ஹாரி ஃபெர்குசன். வட அயர்லாந்தின் 20 பவுண்டு நோட்டில் இவர் படம் அச்சானது. நம் ஊரில் 'மாஸ்ஸி' என்று சுருக்கிக் கூப்பிடும் டிராக்டரின் முழுப் பெயரில் பின்பாதி இவருடையது. ஆனால் அது ஒரு ஆளின் பெயர் என்பதே நிறைய பேருக்குத் தெரியாது.

விவசாயம் பிடிக்காத விவசாயி மகன்

1884 நவம்பர் 4. அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் குரோவெல் என்ற ஊரில் பிறந்தார். வீட்டில் மொத்தம் 11 பிள்ளைகள். அப்பா விவசாயி, மதக் கட்டுப்பாட்டில் மிகக் கண்டிப்பானவர். ஹாரிக்கு அந்தக் கண்டிப்பும் ஒத்துவரவில்லை, வயல் வேலையும் ஒத்துவரவில்லை. 1902-ல் பெல்ஃபாஸ்டில் அண்ணன் ஜோ நடத்திய மோட்டார் ரிப்பேர் கடைக்குப் போய்விட்டார்.

அங்கே மெக்கானிக் வேலையோடு பந்தயப் பைத்தியமும் பிடித்தது. முதலில் மோட்டார் சைக்கிள், பிறகு விமானம். தானே ஒரு விமானத்தைக் கட்டி, 1909 டிசம்பர் 31 அன்று ஹில்ஸ்பரோவில் பறந்தார். பறந்த தூரம் 130 கஜம், அதாவது சுமார் 119 மீட்டர். ஒரு பெரிய கிரிக்கெட் மைதானத்தின் குறுக்களவைக்கூடத் தாண்டாத தூரம். ஆனால் அயர்லாந்து மண்ணில் இன்ஜின் வைத்த விமானத்தில் ஒருவர் பறந்தது அதுவே முதல் முறை. அடுத்த ஆண்டு மூன்று மைல் பறந்து 100 பவுண்டு பரிசும் வாங்கினார்.

அண்ணனோடு ஒத்துப்போகாமல் 1911-ல் தனிக்கடை போட்டார். 1914-ல் அயர்லாந்துத் தன்னாட்சியை எதிர்த்த அல்ஸ்டர் படைக்குத் துப்பாக்கி கடத்தியதிலும் இவருக்குப் பங்கு இருந்தது. வாழ்க்கைக் குறிப்புகளில் சிலர் இதை நைசாகத் தாண்டிப் போவார்கள். தான் நினைத்தது சரி என்றால் எந்த எல்லைக்கும் போகிற ஆள் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

டிரைவரைக் கொன்ற டிராக்டர்

முதல் உலகப் போர் நேரம். ஜெர்மன் நீர்மூழ்கிகள் கப்பல்களை மூழ்கடிக்க, பிரிட்டனில் உணவுத் தட்டுப்பாடு. 1917-ல் அயர்லாந்து வேளாண் வாரியம், நாட்டில் இருந்த டிராக்டர்கள் ஒழுங்காக ஓடுகின்றனவா என்று பார்க்கும் வேலையை ஃபெர்குசனிடம் கொடுத்தது. உதவியாளர் வில்லி சாண்ட்ஸ் உடன் பண்ணை பண்ணையாகச் சுற்றினார்.

அவர் கண்டது இதுதான். டிராக்டர் என்பது மாட்டுக்குப் பதில் வந்த இரும்பு மாடு, அவ்வளவுதான். பின்னால் சங்கிலியில் கலப்பையைக் கட்டி இழுக்கும். சக்கரம் வழுக்காமல் இருக்க டிராக்டரே டன் கணக்கில் கனமாக இருக்க வேண்டும். கனமாக இருந்தால் மண் இறுகிப்போகும், விலையும் ஏறும். சின்ன விவசாயிக்கு எட்டாது.

அதே 1917-ல் ஹென்றி ஃபோர்டு 'ஃபோர்ட்சன்' என்ற மலிவு டிராக்டரைக் கொண்டுவந்தார். எடை குறைவு, விலை குறைவு, விற்பனை அமோகம். ஆனால் அதில் ஒரு பயங்கரம் ஒளிந்திருந்தது. உழும்போது கலப்பை பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் பின்சக்கரம் நின்றுவிடும். இன்ஜின் நிற்காது. சக்கரம் சுழல முடியாததால் டிராக்டரின் உடலே சக்கரத்தைச் சுற்றி மேலே எழும். முன்பக்கம் தூக்கி, அப்படியே பின்னால் கவிழ்ந்து டிரைவரை நசுக்கும். குதித்துத் தப்பிக்க நேரம் இருக்காது. இப்படிச் செத்தவர்கள் பலர்.

மூன்று கை செய்யும் மாயம் என்ன?

ஃபெர்குசனின் யோசனை எளிமையானது: கலப்பையை இழுக்காதே, டிராக்டரின் உடம்போடு சேர்த்துவிடு.

கீழ் இரண்டு கைகள் கலப்பையை இழுக்கின்றன. மேல் கை, அதாவது நம் டிரைவர்கள் 'டாப் லிங்க்' என்று சொல்வது, கலப்பையின் தலையை டிராக்டரோடு இணைக்கிறது. கலப்பை பாறையில் முட்டினால் அதன் தலை முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அந்த விசை டாப் லிங்க் வழியாக டிராக்டரை முன்னால் தள்ளி, முன்சக்கரத்தைத் தரையில் அழுத்தும். எந்த விசை டிரைவரைக் கவிழ்த்ததோ, அதே விசை இப்போது அவரைக் காப்பாற்றுகிறது.

இரண்டாவது பகுதி இன்னும் கெட்டிக்காரத்தனம். டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கில் முடிகிறது. மண் கடினமானால் ஸ்பிரிங் அழுந்தும். அது ஹைட்ராலிக் வால்வை நகர்த்தும். கலப்பை தானாகக் கொஞ்சம் மேலே எழும். மண் இளகினால் மறுபடி இறங்கும். இப்படித் தூக்கும்போது கலப்பையின் எடையும் அது புரட்டும் மண்ணின் எடையும் பின்சக்கரத்தின் மேல் வந்து விழுகிறது. பிடிப்பு எப்போது அதிகம் தேவையோ, அப்போது எடை கூடுகிறது. அதனால் டிராக்டர் எப்போதும் கனமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதற்கு 1925-ல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஆனால் அதை வைத்து ஓடும் டிராக்டர் ஒன்றைக் கட்ட 1933 ஆகிவிட்டது. கறுப்பு பெயின்ட் அடித்த அந்த முதல் வண்டி இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் கியர்களைச் செய்துகொடுத்த டேவிட் பிரவுனுடன் கூட்டுச் சேர்ந்து 1936-ல் விற்பனைக்கு வந்தார். விலை 224 பவுண்டு, கருவிகளுக்குத் தனி. சுமார் 1,350 வண்டிகள்தான் விற்றன. பிரவுன் பெரிய இன்ஜின் வேண்டும் என்றார், ஃபெர்குசன் ஒரு திருகாணியையும் மாற்ற விடவில்லை. கூட்டு உடைந்தது.

ஒரு கைகுலுக்கல், ஒரு வழக்கு

1938 அக்டோபரில் தன் டிராக்டரைக் கப்பலில் ஏற்றி அமெரிக்கா போனார். ஹென்றி ஃபோர்டின் வீட்டு நிலத்திலேயே உழுது காட்டினார். ஃபோர்டுக்கும் அப்பாவின் பண்ணையில் வளர்ந்த அனுபவம் உண்டு, பார்த்ததும் புரிந்துவிட்டது. ஃபோர்டு தயாரிப்பது, ஃபெர்குசன் வடிவமைத்து விற்பது என்று முடிவானது. பத்திரம் இல்லை, கையெழுத்து இல்லை. கைகுலுக்கினார்கள், முடிந்தது.

இந்தக் கதையை வியாபார நம்பிக்கைக்கு உதாரணமாகச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கென்னவோ இது எதிர்மாறாகத்தான் படுகிறது. கைகுலுக்கல் இரண்டு ஆட்களுக்கு இடையில் நடப்பது, கம்பெனிகளுக்கு இடையில் இல்லை. 1939 முதல் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட ஃபோர்டு-ஃபெர்குசன் டிராக்டர்கள் வந்தன. ஆனால் 1945-ல் நிர்வாகம் பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு கைக்குப் போனது. கணக்கைப் பார்த்த பேரன், டிராக்டரில் தன் கம்பெனிக்கு நஷ்டம் என்றார். உறவை முறித்தார். 1947-ல் '8என்' என்ற புது மாடலை ஃபோர்டே நேரடியாக விற்கத் தொடங்கியது. பின்னால் இருந்தது அதே மூன்று கை.

ஃபெர்குசன் வழக்குப் போட்டார். கேட்ட தொகை 25.1 கோடி டாலர். ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்கு 1952 ஏப்ரலில் சமரசமாக முடிந்தது. கிடைத்தது 92.5 லட்சம் டாலர். கேட்டதில் 4 சதவீதம்கூட இல்லை. அதற்குள் முக்கியக் காப்புரிமைகள் சில காலாவதியாகியிருந்தன. ஃபோர்டு தன் ஹைட்ராலிக் அமைப்பில் சில மாற்றங்கள் செய்ய ஒப்புக்கொண்டது. மூன்று கை அப்படியே நீடித்தது.

பணக் கணக்கில் இது தோல்வி. ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். வழக்கில் முழுதாக ஜெயித்திருந்தால் மற்ற கம்பெனிகள் பயந்து வேறு வேறு இணைப்பு முறைகளை உருவாக்கியிருக்கலாம். நம் ஊர்ப் பட்டறையில் அடிக்கிற ஒன்பது கொத்து கலப்பை எல்லா டிராக்டரிலும் மாட்டியிருக்குமா என்பது சந்தேகம்தான்.

சாம்பல் நிற 5 லட்சம்

அமெரிக்காவில் சண்டை தொடங்கும்போதே இங்கிலாந்தில் அடுத்த வேலை ஓடிக்கொண்டிருந்தது. 1946-ல் கோவென்ட்ரி நகரின் பேனர் லேன் ஆலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி மூலம் டிஇ-20 டிராக்டர் வந்தது. எடை சுமார் 1,130 கிலோ. 30-க்கும் குறைவான குதிரைத்திறன். ஒரே நிறம், சாம்பல். வேறு நிறம் கேட்டால் கிடையாது.

1956 வரை தயாரானவை 5,17,651. பத்து ஆண்டுக்கு வகுத்தால், ஞாயிற்றுக்கிழமையையும் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 140. அயர்லாந்து, பிரிட்டன், ஸ்காண்டிநேவியா, ஆஸ்திரேலியா என்று பரவியது. நார்வேயில் சின்னப் பிள்ளைகளுக்கான டிவி தொடரிலும் படங்களிலும் இந்தச் சாம்பல் டிராக்டர்தான் ஹீரோ. எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரி 4 அன்று தென் துருவம் போய்ச் சேர்ந்தது, சக்கரத்தின் மேல் பட்டை மாட்டிய மூன்று டிஇ-20 வண்டிகளில்.

இன்றும் இவற்றை வாங்கிப் பழுது பார்த்து ஓட்டுகிறவர்கள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஏராளம். ஃபெர்குசன் பாரம்பரியத்துக்கென்றே சங்கம் இருக்கிறது. புது உதிரிபாகங்கள் செய்து விற்கும் கடைகள் உண்டு. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதலில் இன்ஜினைப் பார்ப்பதில்லை. பின்கையில் கனமான ஒன்றை மாட்டித் தூக்கிவிட்டு, இன்ஜினை அணைத்து, எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். சடசடவென இறங்கினால் ஹைட்ராலிக்கில் வேலை இருக்கிறது. கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில், ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில் என்பதால், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மூன்றும் போச்சு.

புதிதாக ஓட்டுகிறவர்கள் குழம்பும் விஷயங்களும் உண்டு. சாவி திருகி ஸ்டார்ட் ஆகாது. கியர் கம்பியையே 'எஸ்' என்ற இடத்துக்குத் தள்ள வேண்டும். அதாவது கியரில் இருக்கும்போது தவறிக்கூட ஸ்டார்ட் ஆக வழியில்லை. கிளட்சை மிதித்தால் ஹைட்ராலிக் பம்பும் நின்றுவிடும், அந்த நேரம் கலப்பை தூக்காது. கூடவே கொடுத்த ஸ்பேனரின் கைப்பிடியில் அங்குல அளவு பொறித்திருக்கும். கருவியைச் சரிசெய்ய அதுவே ஸ்கேல்.

ஒன்றை மட்டும் ஆர்வலர்கள் மறக்கக் கூடாது. கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம் இந்த வண்டியில் கிடையாது. மூன்று கையில் கலப்பை மாட்டினால்தான் பாதுகாப்பு. மரத்துண்டு இழுக்கிறேன் என்று டாப் லிங்க் இடத்திலோ ஆக்ஸிலுக்கு மேலேயோ சங்கிலி கட்டினால், இதுவும் பழைய ஃபோர்ட்சன் மாதிரியே பின்னால் கவிழும். சங்கிலியைக் கீழே, இழுவைக் கம்பியில் மட்டும்தான் கட்ட வேண்டும்.

காசு சுண்டிப் போட்ட 10 லட்சம்

1953-ல் தன் கம்பெனியை கனடாவின் மாஸ்ஸி-ஹாரிஸுடன் இணைத்தார். விலை பேசும்போது 1.6 கோடி டாலரா, 1.7 கோடியா என்று இழுபறி. மாஸ்ஸி தலைவர் ஜேம்ஸ் டங்கனும் இவரும் காசு சுண்டிப் பார்த்தார்கள். ஃபெர்குசன் தோற்றார். 10 லட்சம் டாலர் போனதற்கு அலட்டிக்கொள்ளவில்லை. ஆனால் புதுக் கம்பெனியில் வடிவமைப்பு விஷயத்தில் தன் பேச்சு எடுபடவில்லை என்றதும், அடுத்த ஆண்டே விலகிவிட்டார்.

இவரோடு வேலை பார்ப்பது லேசு இல்லை. வயலுக்கும் சூட், டை, தொப்பியோடுதான் வருவார். பட்டறையில் ஒரு கருவி இடம் மாறி இருந்தாலும் கோபம் வரும். விவசாயச் செலவு குறைந்தால் உணவு விலை குறையும், வறுமையும் போரும் குறையும் என்று தீவிரமாக நம்பினார். அரசியல் தலைவர்களுக்கு அதை விளக்கிச் சலிக்கவே மாட்டார்.

கடைசிக் காலத்தில் கவனம் காருக்குத் திரும்பியது. நான்கு சக்கரமும் ஓட்டும் பந்தயக் கார் ஒன்றை அவர் குழு செய்தது. 1961-ல் ஸ்டிர்லிங் மாஸ் அதை ஓட்டி ஓல்டன் பார்க் பந்தயத்தில் ஜெயித்தார். அதைப் பார்க்க ஃபெர்குசன் இல்லை. பல ஆண்டுகளாகத் தூக்கமின்மையும் மனச்சோர்வும் அவரை வாட்டின. 1960 அக்டோபர் 25 அன்று வீட்டில் இறந்து கிடந்தார், வயது 75. தூக்க மருந்தின் அளவு மீறியிருந்தது. அது தவறுதலா இல்லையா என்று விசாரணையில் முடிவாகவில்லை.

அவர் இறந்த அதே 1960-ன் டிசம்பரில், மாஸ்ஸி ஃபெர்குசன் கூட்டுறவோடு சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. டிஇ-20-க்கு அடுத்து ஃபெர்குசன் பெயரில் வந்த '35' மாடலின் வழிவந்த வண்டிகள்தான் 1035 என்ற எண்ணோடு நம் வயல்களில் ஓடின. அந்தப் பெயர் இந்தியாவில் யாருக்குச் சொந்தம் என்று டாஃபேவுக்கும் அமெரிக்காவின் அக்கோ நிறுவனத்துக்கும் வழக்கு நடந்து, 2025-ல் சமரசமாக முடிந்தது. இந்தியா, நேபாளம், பூடானில் மாஸ்ஸி ஃபெர்குசன் என்ற பெயர் இப்போது டாஃபேவுக்கு. மூன்று கைக்கு யாரும் உரிமை கேட்கவில்லை.