தாய்மாரின் வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார்

பிள்ளைப்பேறு பெண்ணுக்கு மறுபிறவி என்று எம் முன்னோர் கூறிவந்தனர். அது வெறும் வாய்ச்சொல் அன்று. 1930ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலும் இலங்கையில் ஆயிரம் பிரசவங்களுக்கு ஏறக்குறைய இருபது தாய்மார் உயிரிழந்தனர். அந்நிலை மாறப் பலர் உழைத்தனர். அவர்களுள் முன்வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் வைத்தியர் மேரி இரத்தினம் அம்மையார்.

1873இல் கனடா தேசத்திற் பிறந்த அம்மையார், பெண்கள் வைத்தியம் கற்பதே புதுமையாயிருந்த அக்காலத்தில் ரொறன்ரோ நகரிற் பயின்று வைத்தியரானார். இலங்கையில் மருத்துவப் பணி செய்ய அமெரிக்க மிஷன் அவரைத் தெரிந்தெடுத்தது. இங்கு வருமுன்னரே அவர் இரத்தினம் என்னும் தமிழரை நியூயோர்க் நகரில் மணந்துகொண்டார். 1896இல் அவர் வந்துசேர்ந்தபோது, சுதேசி ஒருவரைக் கைப்பிடித்த வெள்ளைக்காரப் பெண்ணுக்கு மிஷனார் இடங்கொடுக்கவில்லை. அன்பைப் போதித்தவர்களிடத்தும் நிறவேற்றுமை குடிகொண்டிருந்தது. மிஷன் பாடசாலைகளிற் கற்ற நாம் அக்கல்வியை நன்றியோடு நினைப்பவர்கள். ஆயினும் இதனை மறைப்பது வரலாற்றுக்கு நீதியாகாது.

கதவடைக்கப்பட்ட அம்மையார் தாய்நாட்டுக்குத் திரும்பினாரல்லர். கொழும்பில் லேடி ஹவ்லொக் பெண்கள் ஆஸ்பத்திரியிற் சிலகாலம் கடமையாற்றினார். பின்னர் சொந்தமாக வைத்தியம் செய்தார். ஆண் வைத்தியரிடம் தம் நோயைச் சொல்லக் கூசிய பெண்கள் அவரை நாடிவந்தனர்.

கொழும்பில் 1879 முதலே டி சொய்சா பிரசவ விடுதி இருந்தது. ஆனால் விடுதி மட்டும் இருந்தாற் போதுமா? அக்காலத்திற் பெரும்பாலான பெண்கள் வீட்டிலேயே பிள்ளை பெற்றனர். கழுவாத கையும் துருப்பிடித்த கத்தியும் தாயையும் சேயையும் கொண்டுபோயின. இங்கிலாந்தின் நகரங்களிலும் இதே கவலை இருந்தது. அங்கே 1902இல் மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சியும் பதிவும் வேண்டுமெனச் சட்டம் பிறந்தது. 1918இல் தாய்சேய் நலப் பணிகளை நடத்த உள்ளூராட்சி மன்றங்கள் அதிகாரம் பெற்றன. இலங்கையில் 1926இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பகுதி அமைந்து, பயிற்சி பெற்ற மருத்துவிச்சி வீடு தேடிச் செல்லும் வழக்கம் பரவலாயிற்று.

மருந்தினால் மட்டும் இக்குறை தீராது, பெண்ணுக்கு அறிவும் உரிமையும் வேண்டும் என்பதை அம்மையாரின் வாழ்வு காட்டுகிறது. பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சுகாதார நூல் எழுதினார். 1927இல் எழுந்த பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார். 1931இல் இலங்கைப் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். அக்காலத்திலேயே லங்கா மகிளா சமித்தியைத் தோற்றுவித்து, கிராமத்துப் பெண்களுக்குச் சுகாதாரமும் குழந்தை வளர்ப்பும் வீட்டுத்தோட்டமும் நெசவும் கற்பிக்க வழிசெய்தார். 1937இல் பம்பலப்பிட்டி வட்டாரத்தில் வென்று, கொழும்பு மாநகர சபைக்குத் தெரிவான முதற் பெண்மணியானார். தேர்தல் நடைமுறைக் குறை ஒன்றைக் காட்டி அப்பதவி பறிக்கப்பட்டது. அதனால் அவர் தொண்டு குன்றவில்லை. 1958இல் மகசேசே விருது அவரைத் தேடிவந்தபோது அவருக்கு வயது எண்பத்தைந்து. 1962இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

பிற தேசத்திற் பிறந்து பிற சமயத்தைச் சார்ந்த இவரை இந்து இளைஞராகிய நாம் ஏன் நினைவுகூர வேண்டும்? உயிர்களுக்குச் செய்யும் தொண்டே சிவத்தொண்டு என்பது நம் சமயத்தின் உயிர்நிலை. காடு வெட்டிக் கழனியாக்கிய உருத்திரபுரத்து மண்ணிலே ஆஸ்பத்திரிக்கு நெடுவழி சென்ற தாய்மார் உண்டு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து மரநிழலிலும் கூடாரத்திலும் பிள்ளை பெற்றவர்களும் உண்டு. அவர்கள் பட்ட துயரை நாம் நன்கறிவோம். ஆதலின் கருவுற்ற பெண்ணொருத்தி வாகனமின்றியோ துணையின்றியோ கிளினிக்குச் செல்லாது வீட்டிலிருக்கும் நிலை நம் ஊரில் இருத்தலாகாது. அதனைக் கவனிப்பது பெண்களுடைய வேலை என்று ஆண்கள் ஒதுங்குதலும் ஆகாது. வாகனம் வைத்திருப்போர் வாகனத்தையும், மற்றையோர் தம் நேரத்தையும் கொடுக்கலாம். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.