வாயில்லா ஜீவன்களுக்காக வாதாடிய அம்மையார்

தலைநகரில் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், மூத்தோர் பலருக்கு டோங்கா வண்டிகள் ஓடிய காலம் நன்கு நினைவிருக்கும். சித்திரை வெயிலில், அளவுக்கு மீறிய ஆட்களையும் மூட்டை முடிச்சுகளையும் இழுத்துக்கொண்டு, வாயில் நுரை தள்ள ஓடிய குதிரைகளைக் கண்டு மனம் நோகாதவர் நம்மில் யாருமிலர். ஆயினும் கண்டு நொந்துகொள்வது ஒன்று. அந்நோவைத் தீர்க்க வழி தேடுவது மற்றொன்று. அவ்வழியைத் தேடி, இதே டில்லி மாநகரில், பாராளுமன்றத்தில் எழுந்து நின்று வாதாடியவர் நம் தமிழ்நாட்டுப் பெண்மணி ஒருவர். அவர்தாம் ஸ்ரீமதி ருக்மிணி தேவி அருண்டேல்.

அவர் பெயரைக் கேட்டவுடன் நமக்குப் பரத நாட்டியமும் கலாக்ஷேத்திரமும் நினைவுக்கு வருவது இயல்பே. நம் காலனிச் சிறுமியர் சலங்கை கட்டும் நாளில் அப்பெயர் சொல்லப்படாமல் இருப்பதில்லை. ஆனால் அவருடைய உள்ளத்தில் கலைக்கு எவ்வளவு இடம் இருந்ததோ அவ்வளவு இடம் வாயில்லா ஜீவன்களுக்கும் இருந்தது. அந்த மற்றொரு பாதியை இம்மலரின் வாயிலாக நினைவுகூர விழைகிறோம்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரிகள் பொதுப்பணித் துறையில் பொறியாளராகப் பணிபுரிந்தவர்; வடமொழியில் புலமை மிக்கவர்; பிரம்மஞான சங்கத்தில் ஈடுபாடு கொண்டவர். தாயார் சேஷம்மாள் சங்கீதத்தில் தோய்ந்த திருவையாற்று மண்ணுக்கு உரியவர். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின் தந்தையார் குடும்பத்துடன் சென்னை அடையாற்றில் குடியேறினார். பல தேசத்தாரும் பல சமயத்தாரும் ஒன்றாய்ப் பழகிய அச்சூழலில் சிறுமி ருக்மிணி வளர்ந்தார். எல்லா உயிரும் ஓருயிரே என்னும் கொள்கை அவர் உள்ளத்தில் வேரூன்றியது அங்கேதான்.

அன்னி பெசண்ட் அம்மையாரின் அணுக்கத் தோழர்களுள் ஒருவர் ஜார்ஜ் அருண்டேல் என்னும் ஆங்கிலேயர். காசியிலிருந்த மத்திய இந்துக் கல்லூரியின் தலைவராய் விளங்கியவர். அவரை 1920-ஆம் ஆண்டில் பம்பாயில் ருக்மிணி மணந்தார். மணமகளுக்கு வயது 16, மணமகனோ நாற்பதைக் கடந்தவர், அந்நிய நாட்டவர். சென்னையில் எழுந்த கண்டனம் கொஞ்சநஞ்சமன்று. பத்திரிகைகளும் பெரிய மனிதர்களும் உறவினரும் ஒருங்கே சினந்தனர். இளம் பெண் அச்சினத்துக்கு மறுமொழி கூறிக்கொண்டிராமல், கணவரோடு தேச தேசமாய்ச் சென்று பணியில் ஆழ்ந்தார். ஊரார் ஏசினாலும் தாம் சரியென்று கண்டதை விடாத அத்திண்மை, பிற்காலத்தில் வேறொரு சபையில் அவருக்குத் துணை நின்றது.

1928-இல் ருஷிய நடன மேதை அன்னா பாவ்லோவா பம்பாய்க்கு வந்தார். அவருடைய ஆடலில் அருண்டேல் தம்பதியர் உள்ளம் பறிகொடுத்தனர். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் அவரோடு சேர்ந்து பயணம் செய்யவும் நேர்ந்தது. ருக்மிணி மேலை நாட்டு நடனத்தைப் பயிலலானார். தம் நாட்டுக் கலையைத் தேடிக் காணுமாறு அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே. அதன் பயனாக மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிராட்டம் கற்று, 1935-ஆம் ஆண்டு இறுதியில் அடையாற்றில் அரங்கேறினார். தலைமுறை தலைமுறையாய் அக்கலையைக் காத்து வந்தவர்கள் தேவதாசிக் குலத்துப் பெண்மணிகளும் நட்டுவனார்களும் ஆவர். கலை புது மேடை ஏறியபோது அவர்களிற் பலர் மேடையை இழந்தனர் என்னும் குறை இன்றும் பேசப்படுகிறது. அதனை மறைத்து எழுதுதல் நேர்மையாகாது.

1936-இல் கணவரும் மனைவியுமாய்க் கலாக்ஷேத்திரத்துக்கு வித்திட்டனர். நாட்டியத்தோடு இசையும் நெசவும் அங்கே தழைத்தன. 1939-இல் மரியா மாண்டிசோரி அம்மையாரை இந்தியாவுக்கு வரவழைத்தவர்களும் இத்தம்பதியரே. தமிழ்த் தாத்தாவின் ஓலைச் சுவடிகளையும் நூல்களையும் காக்க 1943-இல் டாக்டர் உ. வே. சாமிநாதையர் நூல் நிலையம் அமைந்ததும் அம்மையாரின் முயற்சியால்தான். மனைவியின் ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னின்று ஊக்கமளித்த அருண்டேல் 1945 ஆகஸ்டுத் திங்களில் மறைந்தார். கால் நூற்றாண்டு இணைபிரியாதிருந்த துணைவர் நீங்கியபோது அம்மையாருக்கு வயது 41. எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் அவர் கணவரின் பெயரைத் தாங்கியே, இருவரும் சேர்ந்து தொடங்கிய பணியிலேயே கழித்தார். கைம்மை அவரை மூலையில் உட்கார்த்தவில்லை.

1952-இல் ராஜ்ய சபைக்கு முதன்முறையாக 12 உறுப்பினர்களைக் குடியரசுத் தலைவர் நியமித்தார். அப்பன்னிருவருள் பெண்மணி ஒருவரே. அவர் ருக்மிணி தேவி. கலைக்காகக் கிடைத்த இருக்கை அது. கலையின் பெயரால் பெருமை பெற்று அமைதியாய் அமர்ந்திருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார். அவரோ அவ்விருக்கையை விலங்குகளுக்காகப் பயன்படுத்தத் துணிந்தார்.

விலங்குகளின் துன்பத்தைத் தடுக்க அந்நாளில் இருந்தது வெள்ளையர் ஆட்சியில் 1890-இல் இயற்றப்பட்ட பழஞ்சட்டம் ஒன்றே. அதன் வீச்சு மிகக் குறுகியது. ஆராய்ச்சிக் கூடத்தில் அறுக்கப்படும் பிராணிக்கும், வித்தை காட்ட அடித்துப் பழக்கப்படும் பிராணிக்கும் அதில் போதிய புகலில்லை. இக்குறைகளையெல்லாம் நீக்கும் நோக்குடன் அம்மையார் 1953-இல் தனி உறுப்பினர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். பஞ்சமும் அகதிகள் துயரும் தீராத நாட்டில் மாட்டுக்கும் குரங்குக்கும் சட்டமா என்று ஏளனம் செய்யத்தக்க காலம் அது.

1954-இல் மசோதா விவாதத்துக்கு வந்தது. அம்மையாரின் பேச்சைப் பிரதமர் நேரு கேட்டிருந்தார். நோக்கத்தை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் மசோதாவைத் திரும்பப் பெறுமாறும், அரசாங்கமே விரிவான சட்டம் ஒன்றைக் கொண்டுவரும் என்றும் தெரிவித்தார். அந்நிலையில் அம்மையாரின் உள்ளம் எப்படி அலைமோதியிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம். வற்புறுத்தினால் மசோதா தோற்கக்கூடும். விட்டுக்கொடுத்தாலோ, வாக்குறுதி கோப்புகளுக்கிடையே உறங்கிப் போகக்கூடும். அரசாங்க அலுவலகங்களில் உழைத்து ஓய்ந்த நம்மவர்க்குக் கோப்புகளின் உறக்கத்தைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அம்மையார் பிரதமரின் சொல்லை நம்பி மசோதாவைத் திரும்பப் பெற்றார்.

நம்பிக்கை வீண்போகவில்லை; ஆனால் காத்திருப்பு நெடிதாயிற்று. குழு ஒன்று அமைக்கப்பட்டு நாடெங்கும் நிலைமையை ஆராய்ந்தது. அம்மையார் சோர்வின்றிப் பின்தொடர்ந்தார். 1956-இல் பத்ம பூஷண் விருது பெற்றார். ராஜ்ய சபைக்கு மீண்டும் நியமிக்கப்பட்டார். மரக்கறி உணவையே ஏற்கும் அனைத்துலக இயக்கத்தின் துணைத் தலைவருள் ஒருவராய் உலகெங்கும் பேசினார். முடிவில், 1960 டிசம்பரில் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது.

அடித்தலும், தாங்கொணாச் சுமை ஏற்றுதலும், புண்பட்ட பிராணியை வேலை வாங்குதலும், திரும்பக்கூட இடமில்லாக் கூண்டில் அடைத்தலும், பசியிலும் தாகத்திலும் கைவிடுதலும் அச்சட்டப்படி குற்றங்களாயின. பிராணியை வைத்திருப்பவருக்கு அதனைப் பேணும் கடமை உண்டென்று சட்டமே கூறியது. ஆயினும் அம்மையார் விரும்பியது முழுதும் கிட்டவில்லை. முதற் குற்றத்துக்கு விதிக்கக்கூடிய அபராதத்தின் உச்சம் 50 ரூபாயே. ஆராய்ச்சிக்காகப் பிராணிகளைப் பயன்படுத்துவது தடுக்கப்படவில்லை; மேற்பார்வைக்கு மட்டுமே உட்படுத்தப்பட்டது. கிடைத்ததை ஏற்று, கிடைக்காததற்கு மேலும் உழைப்பதே அவர் வழி.

சட்டத்தின்படி 1962-இல் விலங்குகள் நல வாரியம் தோன்றியது. அதன் முதல் தலைவராய்ப் பொறுப்பேற்ற அம்மையார் இறுதிவரை அப்பணியை விடவில்லை. நெடுங்காலம் சென்னையில் இயங்கிய அவ்வாரியத்தின் தலைமையகம் பின்னர் நம் தலைநகருக்கு அண்மையிலுள்ள ஹரியானா மாநிலத்துக்கு மாற்றப்பட்டது. திருவான்மியூரில் மர நிழலில் விளங்கிய கலாக்ஷேத்திரத்தில் காலையில் நடனப் பயிற்சியைக் கவனிப்பதும், வாரியத்தின் வேலைகளை மேற்கொள்வதும் அவருக்கு இருவேறு தொழில்களல்ல. அழகை நேசிக்கும் உள்ளம் கொடுமையைச் சகிக்கலாகாது என்பதே அவர் கொண்ட துணிபு.

1977-இல் பிரதமர் மொரார்ஜி தேசாய் குடியரசுத் தலைவர் பதவிக்கு அவரை நிறுத்த விரும்பினார். நாட்டின் முதற்குடிமகளாகும் வாய்ப்பை அம்மையார் வேண்டாமென்று மறுத்தார். அப்பெரிய மாளிகையை விடத் திருவான்மியூரின் ஆலமரமும் மாணவர்களும் வாயில்லா ஜீவன்களும் அவருக்கு இனியனவாயிருந்தன.

1986 பிப்ரவரி 24-ஆம் நாள் அவர் சென்னையில் மறைந்தார். 82 வயது நிறைவதற்குச் சில நாட்களே இருந்தன. அவ்வாண்டுதான் கலாக்ஷேத்திரத்துக்கு ஐம்பது நிறைந்தது. 1993-இல் பாராளுமன்றம் தனிச் சட்டத்தின் மூலம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கியது. அவர் வாதாடிய வட்டக் கட்டடத்தை விட்டுச் சபைகள் 2023-இல் புதிய கட்டடத்துக்குப் பெயர்ந்துவிட்டன. அவர் காரணமாய்ப் பிறந்த சட்டமோ நிலைத்து நிற்கிறது.

சட்டம் காகிதத்தில் இருந்தால் போதாது. காலனிப் படிக்கட்டுகளில் இருத்தல் வேண்டும். மாடத்தில் பறவைகளுக்கு ஒரு சட்டி நீர் வைப்பதும், தெரு நாயைக் கல்லெறிந்து விரட்டாதிருக்கக் குழந்தைகளைப் பழக்குவதும் நம் கைக்கு எட்டியவையே. காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்துவிட்டு உண்ணும் வழக்கத்தை நம் பாட்டிமார் ஊரிலிருந்து கொண்டுவந்தனர். அடுக்கு மாடி வீடுகளில் அவ்வழக்கம் மறைந்து வருகிறது. அதனை மீட்பது ஒன்றே அம்மையாருக்கு நம் சங்கத்தார் செலுத்தக்கூடிய எளிய அஞ்சலி. இவ்வாண்டு விழாவில் நம் சிறுமியர் சலங்கை கட்டி ஆடும்போது, அக்கலையை வளர்த்த கரங்களே அடிபட்ட குதிரைக்கும் காவலாய் நீண்டன என்பதை அவர்களுக்குச் சொல்லுவோம்.