ராணி பார்க்காத கடிகாரம்

சாவியே வேண்டாம்! சட்டைப் பையில் போட்டு நடந்தால் போதும். உள்ளே ஒரு கனத்த துண்டு குலுங்கி ஸ்பிரிங்கை முறுக்கிவிடும். 1780 முதல் பாரீஸில் இப்படிக் கடிகாரம் செய்து பெயர் வாங்கியவர் ஆப்ரகாம் லூயி பிரெகே. பிரெஞ்சு ராணி மேரி அன்டாய்னெட்டும் அவருடைய வாடிக்கைக்காரர்.

ஓடினால் போதுமா? நேரம் பிசகக்கூடாதே! பையில் நிமிர்ந்தே நிற்கும் கடிகாரத்தில், பூமியின் இழுப்பால் பாலன்ஸ் சக்கரம் ஒரு நிலையில் முந்தும், இன்னொன்றில் பிந்தும்.

1793-ல் புரட்சிக்குத் தப்பி பிரெகே சுவிட்சர்லாந்துக்கு ஓடினார். அதே ஆண்டு ராணியின் தலை வீழ்ந்தது.

1795-ல் பாரீஸ் திரும்பியவர், சக்கரத்தைச் சிறு கூண்டில் வைத்து ஓயாமல் சுழலவிட்டார். முந்தியதும் பிந்தியதும் கழிந்து கணக்கு நேராயிற்று! இந்தத் ‘தூர்பியோ’னுக்கு 1801-ல் உரிமை பெற்றார்.

ராணிக்கென்று 1783-ல் கேட்கப்பட்ட கடிகாரம் முடிந்தது 1827-ல். பிரெகே கண்மூடி நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.