நிழலை அளந்த மன்னர்

ஜெய்ப்பூர் அரண்மனையை அடுத்த திறந்தவெளியில் முக்கோண வடிவில் ஒரு பெருஞ்சுவர் வானை நோக்கி எழுந்து நிற்கிறது. அதன் உயரம் ஏறத்தாழ 27 மீட்டர். முதன்முறை காண்போர் அதனைப் பாதியில் நின்றுபோன மாளிகையின் படிக்கட்டு என்றே எண்ணுவர். உண்மையில் அது ஒரு கடிகாரம். அதனை எழுப்பியவர் சவாய் ஜெய்சிங்.

ஆம்பர் நாட்டு அரச குடும்பத்தில் 1688ஆம் ஆண்டு பிறந்த ஜெய்சிங், தந்தை பிஷன் சிங் மறைந்ததால் 11 வயதிலேயே அரியணை ஏற நேர்ந்தது. ‘சவாய்’ என்பது ‘ஒன்றேகால்’ எனப் பொருள்படும். பிறரினும் கால் பங்கு மேலானவர் என்ற கருத்தில் ஔரங்கசீப் வழங்கிய பட்டம் அது என்பர். போர்களும் அரசியல் சூழ்ச்சிகளும் மலிந்த காலத்தில் முகலாயப் பேரரசின் உயர் பொறுப்புகளை வகித்த அவர், 1727ஆம் ஆண்டு ஜெய்ப்பூர் நகரை நிறுவினார். இவ்வளவு பணிகளுக்கிடையிலும் இளமை முதலே அவர் உள்ளத்தைப் பற்றியிருந்தது வானியல்.

நூல்கள் கணித்துக் கூறிய இடத்தில் கோள்கள் காணப்படவில்லை. கிரகணங்களும் குறித்த நேரத்திற்குச் சற்று முன்னோ பின்னோ நிகழ்ந்தன. விழா நாள்களும் பயணங்களும் பஞ்சாங்கத்தைச் சார்ந்திருந்த காலம் அது. எனவே, இது அறிஞர்களுக்குள் முடிந்துவிடும் சிக்கலன்று. பிழை கணக்கில் உள்ளதா, அளவீட்டில் உள்ளதா என்பதே ஜெய்சிங்கின் முன் நின்ற வினா. புதிதாக அளந்து பார்ப்பதே அதற்கு விடை காணும் வழி என அவர் துணிந்தார்.

சமர்கந்தின் அரசரும் வானியலாளருமான உலூக் பெக்கின் மரபைப் பின்பற்றி, முதலில் பித்தளைக் கருவிகளையே அவர் செய்வித்தார். அவை மனநிறைவு தரவில்லை. உருவில் சிறியனவாக இருந்ததால் நுண்ணிய பிரிவுகளைப் பொறிக்க இடமில்லை, நாளடைவில் அச்சு தேய்ந்தது, மையம் விலகியது. ஆகவே அசையாத, தேயாத, மிகப் பெரிய கருவிகளைக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்ட முடிவு செய்தார். தில்லியில் 1724ஆம் ஆண்டளவில் முதல் வானாய்வகம் எழுந்தது. ஜெய்ப்பூர், உஜ்ஜயினி, வாரணாசி, மதுரா ஆகிய இடங்களிலும் வானாய்வகங்கள் அமைந்தன. ஓரிடத்தில் எடுத்த அளவை மற்றோரிடத்தில் சரிபார்ப்பதே இதன் நோக்கம்.

இக்கருவிகளுள் தலையாயது ஜெய்ப்பூரின் சாம்ராட் யந்திரம். அதன் சுவரின் சாய்வு ஏறத்தாழ 27 பாகை. அவ்வூரின் அட்சரேகையும் அதுவே. அதனால் சாய்ந்த விளிம்பு புவியின் அச்சுக்கு இணையாக அமைகிறது; இருபுறமும் உள்ள வளைந்த கால்வட்டங்களில் விழும் நிழல் சீராக நகர்கிறது. அது ஒரு நொடியில் கடக்கும் தொலைவு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்! சற்று நேரம் உற்றுநோக்கினால் நிழல் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். கைக்கடிகாரத்தோடு ஒப்பிடும் மாணவர் வியப்படைய வேண்டா. யந்திரம் காட்டுவது ஜெய்ப்பூரின் உள்ளூர்ச் சூரிய நேரம். அது இந்தியத் திட்ட நேரத்திற்குச் சராசரியாக 27 நிமிடம் பின்தங்கியிருக்கும்.

ஜெய் பிரகாஷ் யந்திரமோ வானத்தைக் கவிழ்த்துத் தரையில் பதித்தாற்போன்றது. குழிந்த இரு அரைக்கோளக் கிண்ணங்களில், மேலே கட்டிய வளையத்தின் நிழல் கதிரவனின் இடத்தைக் காட்டும். ஒன்றில் வெட்டி நீக்கிய பகுதி மற்றொன்றில் இருக்கும். அந்த இடைவெளிகளில் ஆய்வாளர் இறங்கி நின்று அளவெடுப்பர்.

ஜெய்சிங் எம்மொழி அறிவையும் விலக்கவில்லை. அவரது அவையிலிருந்த ஜெகந்நாதர், யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் வானியல் நூலையும் அரபு மொழிவழி வடமொழிக்குக் கொணர்ந்தார். மனுவேல் டி ஃபிகரேடோ என்னும் இயேசு சபைத் துறவி இடம்பெற்ற குழு போர்ச்சுகலுக்குச் சென்று, பிரெஞ்சு வானியலாளர் டி லா ஹிரின் அட்டவணைகளைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பதற்காக ஜெய்சிங் அதனை அப்படியே ஏற்கவில்லை. தம் அளவீடுகளோடு ஒப்பிட்டு, நிலவின் இடத்தில் அரைப்பாகை அளவு வேறுபாடு இருப்பதைக் கண்டார். தம் அட்டவணை நூலுக்குப் பேரரசர் முகமது ஷாவின் பெயரைச் சூட்டினார்.

எனினும், அவர் நம்பிய பேருருவமே ஓர் எல்லையாகவும் அமைந்தது. கதிரவன் புள்ளியன்று, அரைப்பாகை அகன்ற வட்டு. ஆதலால் சுவர் உயர உயர நிழலின் ஓரம் மங்கிப் பரவுகிறது. கிரீன்விச்சில் தொலைநோக்கி பொருத்திய அளவுக்கருவிகள் அதற்கு முன்பே பயனுக்கு வந்துவிட்டன. ஜெய்சிங்கிடமும் தொலைநோக்கிகள் இருந்தன. வியாழனின் துணைக்கோள்களை அவர் அறிந்திருந்தார். ஆயினும் அளவீட்டிற்குக் கல்லையே நம்பினார். இதனை அறியாமை எனத் தள்ளுவது முறையாகாது. வெறுங்கண்ணால் அளக்கும் மரபு எட்டக்கூடிய நுட்பத்தின் உச்சியை அவர் தொட்டுவிட்டார் என்பதே பொருந்தும்.

1743ஆம் ஆண்டு அவர் மறைந்தார். மைந்தர்களுக்கிடையே அரியணைப் போட்டி மூண்டது. வானாய்வகங்கள் கவனிப்பாரின்றிப் போயின. மதுராவில் இருந்தது 1857ஆம் ஆண்டுக்கு முன்பே அழிந்துவிட்டது. ஜெய்ப்பூரில் இருப்பது 1901-02ஆம் ஆண்டுகளில் சீரமைக்கப்பெற்று, 2010ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாயிற்று. இன்றும் ஆடி மாதத்தை ஒட்டிய முழுநிலவு நாளில் சோதிடர்கள் சாம்ராட் யந்திரத்தின் உச்சிக்கு ஏறி, கொடியைப் பிடித்துக் காற்றின் திசை பார்த்து, அவ்வாண்டின் மழையைக் கணித்துச் சொல்கின்றனர்.