சாமுவேல் கோல்ட்: சுழல் துப்பாக்கிக்காரரின் கதை

நம்ம சுவர்ப் பத்திரிகையில் தேசத் தலைவர்களைப் பற்றி எழுத நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் நான் ஒரு துப்பாக்கிக்காரரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் சாமுவேல் கோல்ட். தங்கம் இல்லீங்க, அது அவரோட குடும்பப் பெயர். லயன் காமிக்ஸ் படிக்கிறவங்களுக்கு உடனே புரிஞ்சிருக்கும். டெக்ஸ் வில்லர் இடுப்பில் தொங்குதே, அந்தத் துப்பாக்கிக் கம்பெனியை ஆரம்பித்தவர் இவர்தான்.

கதைக்குப் போவதற்கு முன்னால் ஒரு சின்ன விளக்கம். தீபாவளிக்கு வாங்குற ரிங் கேப் துப்பாக்கியை நினைச்சுக்குங்க. விசையை இழுத்தால் சுத்தியல் தானாகவே பின்னால் போகும், வட்டம் ஒரு கட்டம் நகரும், டப்புனு அடிக்கும். எல்லா வேலையும் விசையே பார்க்குது. கோல்ட் செய்தது அப்படி இல்லை. கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்கணும். அப்போ உருளை ஒரு கட்டம் சுற்றி நின்னுக்கும். அப்பறம் விசையைத் தொட்டால் சுத்தியல் விழும். விசைக்கு ஒரே ஒரு வேலை. அதனால்தான் இதற்கு சிங்கிள் ஆக்‌ஷன் என்று பெயர். உள்ளே பாகங்கள் குறைவு, விசையும் லேசு. லேசாக இருப்பதால் கை ஆடாது, குறி தப்பாது.

கோல்ட் 1814 ஜூலை 19-ல் அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் பிறந்தார். சின்ன வயசிலேயே தாயார் காசநோயில் இறந்துட்டார். அப்பாவின் வியாபாரம் நொடித்துப் போனது. 1830-ல், பதினாறு வயதில், கார்வோ என்ற பாய்மரக் கப்பலில் வேலைக்கு ஏறினார். அந்தக் கப்பல் எங்கே போச்சு தெரியுமா? நம்ம இந்தியாவுக்கு, கல்கத்தாவுக்கு! அந்தப் பயணத்தில்தான் சுழலும் உருளையை மரத்தில் செதுக்கி மாதிரி செய்தார் என்கிறார்கள். கப்பல் சக்கரம் ஒவ்வொரு கட்டமாக நின்று பிடிப்பதைப் பார்த்து யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கோலியர் என்பவர் 1818-லேயே காப்புரிமை வாங்கிய சுழல் துப்பாக்கி அப்போது இந்தியாவில் வெள்ளைக்கார ராணுவத்திடம் இருந்தது, அதைப் பார்த்திருப்பார் என்று சொல்கிறவர்களும் உண்டு. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுது. ஆனால் கோலியர் துப்பாக்கி சிக்கிமுக்கிக் கல்லில் தீப்பொறி பறந்து வெடிப்பது. ஒவ்வொன்றும் கையால் செய்தது, விலையும் அதிகம்.

ஊர் திரும்பியதும் கொல்லரிடம் கொடுத்து மாதிரி செய்து பார்த்தார். முதல் கைத்துப்பாக்கி வெடித்துச் சிதறியது. நல்ல வேலைக்காரரை வைக்கப் பணம் வேணுமே? அதுக்கு அவர் செய்த தொழில் என்னன்னா, ஊர் ஊராகப் போய் சிரிப்பு வாயு காட்டுவது! வேதியியல் பாடத்தில் வருதே நைட்ரஸ் ஆக்சைடு, அதேதான். தன் பெயரைக் கொஞ்சம் மாத்தி டாக்டர் என்று போட்டு, நியூயார்க், லண்டன், கல்கத்தா புகழ் என்று விளம்பரமும் செய்தார். கல்கத்தாவில் கப்பல் பையனாக இறங்கியதுதான் அந்தப் புகழ்!

1836-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பேட்டர்சன் என்ற ஊரில் தொழிற்சாலை போட்டார்கள். அங்கே செய்தது ஐந்து குண்டுத் துப்பாக்கி. பார்க்க அழகு. விசை உள்ளே மடங்கியிருக்கும், சுத்தியலை இழுத்தால்தான் வெளியே வரும். ஆனால் ஆரம்பத்தில் வந்தவற்றில் மருந்து அடைக்கணும்னா குழலைக் கழற்றணும். குதிரை மேல உட்கார்ந்து எப்படிங்க கழட்டறது? நுணுக்கமான பாகங்கள் வேற, சீக்கிரம் கெட்டுப் போகும். ராணுவம் பெரிதாக வாங்கவில்லை. 1842-ல் கம்பெனியை மூடிவிட்டார்கள். அப்போ அவருக்கு வயது 28.

அவரைக் காப்பாற்றியது டெக்சாஸ் குதிரைப் படைக்காரர்கள். 1844-ல் அந்தப் பழைய பேட்டர்சன் துப்பாக்கிகளை வைத்துக்கொண்டு, தங்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்த கொமான்சி வீரர்களைத் தோற்கடித்தார்கள். அதுவரை ஒரு தடவை சுட்டுவிட்டு மருந்து இடிப்பதற்குள் கொமான்சிகள் பல அம்பு விட்டுவிடுவார்கள். காமிக்ஸில் அவங்க எதிரியாக வருவாங்க. ஆனால் அது அவங்க மேய்ச்சல் நிலம், அவங்க வேட்டைக்காடு. 1875-ல் கடைசிக் கூட்டமும் சரணடைந்து, ஒதுக்கிய நிலத்துக்குள் அடைபட்டது. கோல்ட் துப்பாக்கியின் மதிப்பு என்னன்னு எழுதும்போது இதை விட்டுட்டு எழுத முடியாது.

அந்தச் சண்டையில் இருந்த சாமுவேல் வாக்கர் என்ற அதிகாரி என்னென்ன திருத்தம் வேணும்னு யோசனை சொல்ல, 1847-ல் வாக்கர் துப்பாக்கி வந்தது. ஆறு குண்டு, எடை சுமார் 2 கிலோ! இரண்டு கிலோ அரிசிப் பையை ஒரு கையில் நீட்டிப் பிடிச்சுப் பாருங்க, தெரியும். அரசாங்கம் 1000 கேட்டது. கோல்ட்டிடம் தொழிற்சாலையே இல்லை, விட்னி என்பவர் பட்டறையில் செய்து கொடுத்தார். பலம் அதிகம், ஆனால் மருந்தை நிரம்ப அடைத்தால் சிலவற்றில் உருளை பிளந்தது. சுட்ட அதிர்ச்சியில் அடியில் இருந்த நெம்புகோல் தானாகக் கழன்று தொங்கியது. அடுத்து வந்த டிராகூனில் இதையெல்லாம் சரி செய்தார்கள்.

எனக்குப் பிடித்தது 1851-ல் வந்த நேவி. எடை சுமார் 1 கிலோ 200 கிராம்தான். உருளையைச் சுற்றி ஒரு கடற்சண்டைப் படம் இருக்கும். அதைக் கையால் செதுக்கவில்லை, எஃகு அச்சை உருட்டி அழுத்திப் பதித்தார்கள். குழல் நீலக் கறுப்பு. இரும்பைச் சூடேற்றி மேலே மெல்லிய ஆக்சைடு படலம் வர வைப்பதால் வரும் நிறம் அது, துருவைத் தடுக்கும். நடுச்சட்டம் மயில் கழுத்து மாதிரி பல நிறத்தில் மினுங்கும். அதை எலும்புக் கரியோடு பெட்டியில் அடைத்துக் காய்ச்சித் தண்ணீரில் போடுவார்கள். மேல்தோல் மட்டும் கெட்டியாகும், உள்ளே உடையாமல் இருக்கும். எங்க மாமா நம்ம ஊர் லேத் பட்டறையில் வேலை செய்யறார். கேஸ் ஹார்டனிங்னு அவர் சொல்றதும் இதுதான். பினிஷிங் என்பது பளபளப்பு மட்டும் இல்லை, பாதி ஆயுளே அதில்தான் இருக்குதுன்னு அவர்தான் எனக்கு விளக்கினார்.

அதே 1851-ல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்குத் துப்பாக்கிகளைக் கொண்டு போனார். அங்கே போட்டிக்கு ராபர்ட் ஆடம்ஸ் நின்றார். ஆடம்ஸ் துப்பாக்கி நம்ம தீபாவளித் துப்பாக்கி மாதிரி, விசையை இழுத்தாலே சுடும். சட்டம் ஒரே துண்டாக உருளைக்கு மேலேயும் மூடியிருக்கும், உறுதி அதிகம். கோல்ட்டில் மேலே திறந்திருக்கும், குழலை ஓர் ஆப்புதான் பிடித்திருக்கும். கிட்டத்தில் வேகமாகச் சுட ஆடம்ஸ், தூரத்தில் குறி பார்த்துச் சுட கோல்ட். என்னைக் கேட்டால் அமைப்பில் ஆடம்ஸ் ஒரு படி மேலே. ஆனால் ஆடம்ஸை கைவேலைக்காரர்கள் ராவி ராவிப் பொருத்தினார்கள். கோல்ட் இயந்திரத்தில் செய்தார். 1853-ல் லண்டனிலேயே தொழிற்சாலை திறந்து, பிரிட்டிஷ் அரசுக்கு ஆயிரக்கணக்கில் விற்றார். ஆனாலும் 1857-க்குள் அது மூடப்பட்டது. விசையை இழுத்தும் சுடலாம், கட்டைவிரலாலும் இழுக்கலாம் என்று இரண்டுக்கும் வழி செய்த பியூமான்ட் ஆடம்ஸ் 1856-ல் வந்து அங்கே ஜெயித்தது.

ஹார்ட்ஃபோர்டில் 1855-ல் கட்டிய பெரிய தொழிற்சாலைதான் கோல்ட்டின் உண்மையான கண்டுபிடிப்பு என்பேன். நீல நிறக் கும்பக் கோபுரம், அதில் தங்க நட்சத்திரங்கள்! இயந்திரங்களை அமைத்தவர் எலிஷா ரூட் என்ற மெக்கானிக். ஒரு பாகம் கெட்டால் வேறு துப்பாக்கியிலிருந்து எடுத்து மாட்டலாம் என்பது கோல்ட்டின் பெருமை. ரிக் வண்டி ஓடுற நம்ம ஊர்ல இதன் அருமை எல்லாருக்கும் தெரியும். எங்கேயோ வடநாட்டில் வண்டி நின்னா, அங்கே கிடைக்கிற ஸ்பேர் அப்படியே உட்காரணும். ஆனால் கோல்ட் துப்பாக்கியில் அது முழு உண்மை இல்லை. பாகங்களை அரத்தால் ராவிப் பொருத்தி, ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றோடு கலக்காமல் இருக்க எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் குத்தினார்கள். அப்படியே உட்காரும்னா எண் எதுக்கு?

ராஜாக்களுக்கு மட்டும் தனி பினிஷிங். துருக்கி சுல்தானுக்கும் ரஷ்யச் சக்கரவர்த்திக்கும் தங்கம் பதித்த துப்பாக்கி பரிசாகப் போனது. அந்த ரெண்டு பேரும் அப்போ ஒருத்தரோடு ஒருத்தர் சண்டை போட்டவங்க! 1861-ல் உள்நாட்டுப் போர் தொடங்கும் வரைக்கும் அமெரிக்காவின் வடக்கு, தெற்கு இரண்டுக்கும் விற்றார். வியாபாரத்தில் கெட்டிக்காரர், அதுக்கு மேல நல்ல வார்த்தை சொல்ல எனக்கு வரலை.

அந்தப் போரில்தான் விலை விவகாரம் வெடித்தது. கோல்ட்டின் ஆர்மி துப்பாக்கிக்கு 25 டாலர். ரெமிங்டன் கம்பெனி சுமார் பத்து டாலர் குறைத்துத் தந்தது. ரெமிங்டனில் பகட்டான வேலைப்பாடு கிடையாது. ஆனால் மேல்சட்டம் உண்டு, உருளையை நொடியில் கழற்றி மாற்றலாம். கோல்ட் பக்கமும் ஒரு நியாயம் இருக்குது. அதன் உருளை சுற்றும் தண்டு தடிமன், எண்ணெய் நிற்கத் தவாளிப்பு உண்டு. கரி மருந்துப் புகை படிந்தாலும் அது சீக்கிரம் இறுகாது. ரெமிங்டன் ஊசி மெலிசு, சீக்கிரம் இறுகிக்கும். பத்து டாலர் வித்தியாசத்துக்கு அது போதுமா? அரசாங்கம் போதாது என்று முடிவு செய்து, கோல்ட் விலையையும் குறைக்க வைத்தது.

அதையெல்லாம் பார்க்க அவர் இருக்கவில்லை. 1862 ஜனவரி 10-ல், 47 வயதில் இறந்து போனார். 1864-ல் தொழிற்சாலை தீப்பிடித்தது. மனைவி எலிசபெத் அதைத் திரும்பக் கட்டினார். டெக்ஸ் வில்லர் மாதிரி கௌபாய்கள் கையில் நாம் பார்க்கிற தோட்டாத் துப்பாக்கி 1873-ல்தான் வந்தது. அதை வடிவமைத்தவர் வில்லியம் மேசன். அதில் உருளைக்கு மேலே சட்டம் மூடியிருக்கும், ரெமிங்டனில் இருந்த மாதிரியே.