அரசுப் பள்ளியில் பைபிள் பாடமா? கவர்னரை எதிர்த்து நின்ற மெட்ராஸ் வியாபாரி... யார் இந்த லட்சுமிநரசு செட்டி?

யானைக்கவுனி பக்கம் போறவங்களுக்கு வால்டாக்ஸ் ரோடு நல்லாத் தெரியும். கவுனின்னா கோட்டை வாசல். ஹைதர் அலி படையெடுப்புக்குப் பயந்து, 1770 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி கறுப்பர் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் கட்டியது. அந்த மதிலின் மேற்கு வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. கட்டிய செலவை ஊர்மக்கள் தலையில் வரியாகப் போடப் பார்த்தாங்க. அந்த வரித் திட்டம் எடுபடவில்லை, பெயர் மட்டும் ரோட்டுக்கு நின்றுவிட்டது.

கறுப்பர் நகரம்தான் இன்றைய ஜார்ஜ் டவுன். மெட்ராஸின் வியாபாரமெல்லாம் இங்கேதான். அந்த வியாபார உலகத்திலிருந்து வந்த ஒருத்தர், வரியை விடப் பெரிய ஒரு கேள்வியை அரசாங்கத்தின் முன்னால் வைத்தார். மக்கள் வரிப்பணத்தில் நடக்கிற அரசு, ஒரு மதத்தின் பக்கம் சாயலாமா?

அவர் பெயர் காஜுலு லட்சுமிநரசு செட்டி. காங்கிரஸ் கட்சி பிறப்பதற்கு 17 வருஷத்துக்கு முன்னாடியே இறந்துபோனவர். முழு விவரம் பார்ப்போம்.

யார் இவர்?

1806-இல் மெட்ராஸில் பிறந்தவர். காஜுலுன்னா தெலுங்கில் வளையல். அது குடும்பப் பெயர். அப்பா சித்துலு செட்டி, அவுரி வியாபாரி. துணிக்குச் சாயம் போடும் அவுரிக்கு அப்போ உலகம் முழுக்க கிராக்கி. பள்ளிப் படிப்பு பெரிசா இல்லாத லட்சுமிநரசு, அப்பாவோடு தொழிலில் இறங்கி நல்லா சம்பாதித்தார். வியாபாரிகள் கூடும் இடத்தில் அரசியல் பேசிப் பேசியே பொது வாழ்க்கைக்கு வந்தார்.

அன்றைய மெட்ராஸில் என்ன பிரச்சனை?

அரசும் மதமும் அப்போ ரொம்பவே பின்னிக் கிடந்தன. 1817-ஆம் ஆண்டு சட்டப்படி மெட்ராஸ் மாகாணக் கோயில் சொத்துகளைக் கம்பெனி அதிகாரிகளே மேற்பார்வை பார்த்தாங்க. கலெக்டர் உத்தரவில் தேர் இழுக்க ஆள் திரட்டியதும் உண்டு. கிறிஸ்துவ அரசாங்கம் இந்தக் கோயில்களுக்கு எதுக்கு வேலை பார்க்கணும்னு மிஷனரிகள் கடுமையா எதிர்த்தாங்க. 1840-களில் கம்பெனி கோயில்களிலிருந்து மெல்ல விலகியது.

அதோடு நின்றிருந்தால் அரசு எந்தப் பக்கமும் சேராத அரசா ஆகியிருக்கும். ஆனா மெட்ராஸில் தராசு அடுத்த பக்கம் சாயத் தொடங்கியது. உயர் அதிகாரிகள் சிலர் மிஷனரி வேலைக்கு வெளிப்படையாவே ஆதரவு காட்டினாங்க. 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி மெட்ராஸில் ஒரு பள்ளி தொடங்கினார். அதுதான் பின்னாளில் கிறிஸ்துவக் கல்லூரியா வளர்ந்தது. 1841-இல் அங்கே படித்த இளைஞர்கள் சிலர் ஞானஸ்நானம் வாங்க, ஊரே கொந்தளித்தது.

இந்த நேரத்தில்தான் லட்சுமிநரசு செட்டி ஒரு பத்திரிகையை விலைக்கு வாங்கி, 1844-இல் 'கிரெசென்ட்' என்று பெயர் மாற்றி வெளியிட்டார். ஆங்கிலப் பத்திரிகை. கவர்னருக்கும் லண்டனுக்கும் புரியணும்னா ஆங்கிலத்தில்தான் பேசணும்னு அவருக்குத் தெரியும். எட்வர்ட் ஹார்லி என்ற ஆங்கிலேயரை ஆசிரியராக வைத்தார். அரசு கெஜட்டில் இந்தப் பத்திரிகைக்கு விளம்பரம் போடக்கூட அதிகாரிகள் இடம் தரவில்லை.

பைபிள் வகுப்பு: 1846-இல் நடந்தது என்ன?

அப்போ மெட்ராஸ் கவர்னர் டுவீட்டேல் பிரபு. மாணவர்களுக்கு ஒழுக்கம் வரணும்னா பைபிள் படிக்கணும்னு உறுதியா நம்பியவர். 1846-இல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாகச் சேர்க்க அவர் ஒரு திட்டம் முன்வைத்தார்.

இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கணும். மிஷனரி பள்ளியில் பைபிள் சொல்லித் தருவது அவங்க காசில் அவங்க செய்யும் வேலை. பிள்ளையை அங்கே அனுப்பலாமா வேண்டாமான்னு அப்பா அம்மா முடிவு பண்ணலாம். அரசுப் பள்ளி அப்படி இல்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்துவர் எல்லாரும் கட்டிய வரியில் நடப்பது. அங்கே படிப்பது அரசு வேலைக்கு ஒரு வழி. அந்த வாசலிலேயே ஒரு மதத்தின் வேதத்தை வைத்தால், வேலை வேணும்னா இதைப் படின்னு சொல்வது மாதிரி ஆகிவிடும்.

1846 அக்டோபரில் மெட்ராஸில் பெரிய பொதுக்கூட்டம் நடந்தது. முன்னணியில் நின்றவர் லட்சுமிநரசு செட்டி. கல்லெறி, கலவரம் எதுவும் இல்லை. ஆயிரக்கணக்கானவங்க கையெழுத்து போட்டு, லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்களுக்கு மனு அனுப்பினாங்க. பலன் கிடைத்தது. கவர்னரின் திட்டத்தை இயக்குநர்கள் ஏற்கவில்லை. ஓட்டுரிமையே இல்லாத மக்கள், பேப்பரும் பேனாவும் வைத்து ஒரு கவர்னரின் முடிவை நிறுத்தினாங்க என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

இன்னொரு சண்டை: இதில் அவர் பக்கம் நியாயம் இருந்ததா?

இங்கேதான் கதை கொஞ்சம் சிக்கலாகுது.

அன்றைய இந்து சட்டப்படி ஒருத்தர் மதம் மாறினாலோ, சாதியை விட்டுத் தள்ளப்பட்டாலோ குடும்பச் சொத்தில் பங்கு கிடையாது. இதை மாற்ற 1845-இல் ஒரு சட்ட வரைவு வந்தது. மதம் மாறினாலும் சொத்துரிமை போகாது என்பதுதான் அதன் சாரம். லட்சுமிநரசு செட்டியும் அவர் நண்பர்களும் இதைக் கடுமையா எதிர்த்தாங்க. வங்காளத்திலும் எதிர்ப்பு கிளம்பியது. அவங்க பார்வையில் அரசு சட்டத்தை வளைத்து மதமாற்றத்துக்கு வசதி பண்ணித் தருது. முன்னோர் காரியங்களைச் செய்யாதவனுக்கு முன்னோர் சொத்து எதுக்கு?

ஆனா மதம் மாறிய அந்த இளைஞனின் இடத்தில் நின்று பாருங்க. மனசாட்சிப்படி ஒரு முடிவு எடுத்ததுக்காக அவன் வீட்டையும் பங்கையும் இழந்து தெருவில் நிற்கணுமா? அப்படிப் பறிக்கும் வழக்கத்தைக் கோர்ட் மூலமா அரசே நிறைவேற்றினால், அதுவும் ஒரு மதத்தின் பக்கம் சாய்வதுதானே?

இந்த முறை மனுக்கள் பலிக்கவில்லை. டல்ஹவுசி கவர்னர் ஜெனரலாக இருந்த 1850-இல் சட்டம் நிறைவேறியது. சாதிக் குறைபாடுகள் நீக்கச் சட்டம் என்று இதைச் சொல்வாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டமும், மதம் மாறியதற்காக ஒருவரின் பங்கைப் பறிக்கவில்லை. பைபிள் வகுப்பு விஷயத்தில் செட்டி பக்கம் நின்ற காலம், சொத்து விஷயத்தில் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

மதத்தைத் தாண்டி வந்த போராட்டம்

1852-இல் அவர் தொடங்கியது மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன். மெட்ராஸ் மாகாணத்தின் முதல் அரசியல் சங்கம் இதுதான்னு சொல்வாங்க. வரிச்சுமை, கோர்ட் தாமதம், கல்வி என்று குறைகளைப் பட்டியல் போட்டு பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கே மனு அனுப்பினாங்க.

அடுத்த வருஷமே டேன்பி சேமூர் என்ற பார்லிமென்ட் உறுப்பினர் மெட்ராஸுக்கு வந்தார். லட்சுமிநரசு செட்டி அவரைக் கிராமங்களுக்குக் கூட்டிப்போனார். நிலவரி கட்டாத குடியானவங்களை வருவாய்த்துறை ஆட்கள் சித்திரவதை செய்வதை நேரில் விசாரிக்க வைத்தார். விரல்களை மரக்கட்டைக்குள் வைத்து நெரிக்கும் கிட்டி, கயிறு கட்டி உடம்பை வளைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள் போன்ற கொடுமைகள் லண்டன் வரைக்கும் போய்ச் சேர்ந்தன. 1854-இல் விசாரணைக் கமிஷன் அமைக்கப்பட்டது. சித்திரவதை நடந்தது உண்மைதான்னு 1855-இல் அந்தக் கமிஷனே அறிக்கை கொடுத்தது.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு கம்பெனி ஆட்சி முடிந்தது. 1858-இல் வந்த விக்டோரியா ராணியின் பிரகடனம், மதத்தின் பெயரால் யாருக்கும் சலுகையும் இல்லை, தொல்லையும் இல்லை என்று உறுதி கொடுத்தது. மெட்ராஸ் வியாபாரிகள் பல வருஷமா மனுவில் கேட்டு வந்ததும் ஏறக்குறைய இதைத்தான்.

1863-இல் மெட்ராஸ் சட்டசபைக்கு லட்சுமிநரசு செட்டி உறுப்பினராக நியமிக்கப்பட்டார். ஆனா பத்திரிகை, சங்கம், மனுக்கள், பயணங்கள் என்று சம்பாதித்ததெல்லாம் கரைந்துபோயிருந்தது. 1868-இல் இறந்தபோது அவரிடம் பெரிசா எதுவும் மிச்சமில்லை.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

அமெரிக்காவில் அரசு எந்த மதத்தையும் நிறுவக்கூடாதுன்னு 1791-லேயே அரசியல் சட்டத் திருத்தம் வந்தாச்சு. ஆனாலும் அங்கே பல மாநிலங்களில் அரசுப் பள்ளிகளில் தினமும் காலையில் பைபிள் வாசிப்பது வழக்கமா இருந்தது. அது செல்லாதுன்னு அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1963-இல். மெட்ராஸில் அதே கேள்வி எழுந்து 117 வருஷம் கழிச்சு.

நம்ம அரசியல் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மத போதனை கூடாதுன்னு சொல்லுது. 25-ஆவது பிரிவு, மனசாட்சிப்படி எந்த மதத்தையும் பின்பற்றும் உரிமையைத் தருது. முதல் பாதுகாப்பு, செட்டி கேட்டது. இரண்டாவது, அவர் எதிர்த்த சட்டத்தால் பலன் பெற்ற மதம் மாறிய இளைஞனுக்கும் சேர்த்து எழுதப்பட்டது. இரண்டும் ஒரே புத்தகத்தில் பக்கம் பக்கமா இருக்கு.

அரசுப் பள்ளியில் எதைச் சொல்லித் தரலாம், மதம் மாறினவங்களுக்கு என்ன உரிமை என்ற விவாதம் டிவியில் ஓடும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே யோசிக்கணும். நம்ம மதத்துக்கு இடைஞ்சல் வரும்போது மட்டும் அரசு நடுநிலையா இருக்கணும்னு கேட்பது எல்லாருக்கும் சுலபம். அடுத்தவருக்கும் அதே நடுநிலையைக் கேட்பதில்தான் லட்சுமிநரசு செட்டியே தடுக்கினார்.