எம்.சி. ராஜா கொண்டுவந்த ஆலயப் பிரவேச மசோதா

நெமிலி வட்டாட்சியர் அலுவலகத்தில் சாதிச் சான்றிதழ் வாங்கும் நம் பிள்ளைகளுக்கு ஆதிதிராவிடர் என்ற சொல் பழகிப்போன ஒன்று. இழிவாகச் சொல்லப்பட்ட பழைய பெயர்களை நீக்கி, இந்தச் சொல்லை அரசுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று 1922இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் எம்.சி. ராஜா. பரங்கிமலையில் 1883இல் பிறந்தவர், பள்ளி ஆசிரியர். நீதிக்கட்சியில் இருந்து, மனக்கசப்போடு வெளியேறியவர்.

1932இல் அவர் எடுத்த முடிவைப் பற்றி இன்றும் நம்மவர்களிடையே வாதம் உண்டு. அம்பேத்கர் தனித்தொகுதி கேட்டபோது, ராஜா மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டுத்தொகுதிப் பக்கம் நின்றார். பூனா ஒப்பந்தத்திலும் கையெழுத்திட்டார். சாதி இந்துக்களின் மனம் மாறும் என்று நம்பினார். அந்த நம்பிக்கைக்கு ஆறே ஆண்டில் சோதனை வந்தது.

1938இல் ராஜாஜி சென்னை மாகாணப் பிரதமர். அன்று முதலமைச்சரை அப்படித்தான் அழைத்தார்கள். பொதுச்சாலை, கிணறு போன்றவற்றில் தீண்டாமையைத் தடுக்கும் சட்டம் அந்த ஆண்டு நிறைவேறியது. அதோடு நிற்காமல், கோயில் கதவையும் திறக்க ராஜா தனிநபர் மசோதா ஒன்றைக் கொண்டுவந்தார். இங்கேதான் அரசு பின்வாங்கியது. மசோதாவைத் திரும்பப் பெறும்படி ராஜாஜி கேட்டார். மலபாருக்கு மட்டும் ஒரு சட்டம் போதும், படிப்படியாகப் போகலாம் என்பது அரசின் திட்டம். அப்படியென்றால் வட ஆற்காட்டில் இருந்த நெமிலிக்கு? அந்தத் திட்டத்தில் இடமில்லை.

ராஜா திரும்பப் பெறவில்லை. காந்திக்குக் கடிதம் எழுதினார். ராஜாஜியை நம்புங்கள் என்றே பதில் வந்தது. வாக்கெடுப்பில் மசோதா தோற்றது. தோற்றதைவிட, யார் தோற்கடித்தார்கள் என்பதுதான் நமக்கு உறுத்துகிறது. ஒதுக்கீட்டுத் தொகுதிகளில் வென்ற காங்கிரஸ் உறுப்பினர்களும் கட்சிக் கட்டளைப்படி எதிர்த்து வாக்களித்தார்கள். ஊர் திரும்பிய அவர்கள் சேரியில் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? கூட்டுத்தொகுதியில் இந்த ஆபத்து இருக்கிறது என்று அம்பேத்கர் முன்பே எச்சரித்திருந்தார்.

ராஜாவும் மாறினார். 1942இல் கிரிப்ஸ் டெல்லிக்கு வந்தபோது, அவரைச் சந்திக்க அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே போனார்கள். மறு ஆண்டு ராஜா காலமானார். மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947இல் வந்தது.